தில்லைக்கு ஒரு முகம். தில்லிக்கு ஒரு முகம்!

உணர்வுள்ள தமிழர்களே!

காவிரி தன் நெடும்பயணத்தை முடித்துக் கொள்ளிடமாய்க் கடலிற் கலக்கும் கடைமடைதான் சிதம்பரம் வட்டம். கீழணையில் தடுக்கப்பெறும் நீர் வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு வருகின்றது. சோழப் பேரரசன் முதற் பராந்தகன் காலத்தில், அவனுடைய வீரநாராயணன் என்னும் பெயரால் வெட்டப்பெற்ற ஏரி அது. காட்டுமன்னார்கோயிலும் சிதம்பரமும் புவனகிரியும் அவ்வேரியையும் அதன் கால்களையும் நம்பியே நாற்று விடுகின்றன. 2004 முதல் சென்னை நகரத்தின் குடிநீர்க் குழாய்க்கும் அதுவே வாய்க்கால். மேட்டூரில் ஒரு சாண் குறைந்தால் கடைமடையில் ஒரு முழம் குறையும். ஆறு வற்றினால் கடல் உள்ளே ஏறும், கிணறு உவர்க்கும், வயல் வெளுக்கும். எனவே காவிரியைப் பற்றி ஒருவன் பேசுவது உண்மையா பொய்யா என்று உரசிப் பார்க்கும் உரைகல் இந்தக் கடைமடையே ஆகும்.

அவ்வுரைகல்லில் 2018-ஆம் ஆண்டை ஒருமுறை உரசிப் பார்ப்போம். ஆண்டுகள் பல ஆயிற்றே, பழங்கதை எதற்கு என்று கேட்பாருளர். ஏமாந்த கணக்கை எழுதி வைக்காத இனம் மீண்டும் மீண்டும் ஏமாறும் என்பதே அதற்கு நம் விடை.

முடக்கம் எது?

அமெரிக்க நாட்டில் வரவு செலவுக்குப் பேராயம் ஒப்புதல் தரவில்லையென்றால் அரசே முடங்கிப் போகும். 2018 திசம்பர் 22 முதல் 2019 சனவரி 25 வரை 35 நாள்கள் அவ்வாறு முடங்கிற்று. ஏறத்தாழ எட்டு நூறாயிரம் அரசுப் பணியாளர் உரிய நாளில் ஊதியமின்றித் தவித்தனர். 2025 அக்குதோபர் முதல் நவம்பர் 12 வரை 43 நாள்கள் மீண்டும் முடங்கிற்று. அந்த நாட்டின் ஆட்சிமுறையை நாம் பாராட்ட வரவில்லை. ஆனால் ஒன்று: அங்கே ஒவ்வோர் உறுப்பினனும் எந்த நாளில் எந்தப் பக்கம் வாக்களித்தான் என்பது பெயர் பெயராக ஏட்டில் ஏறுகின்றது. ஊருக்குத் திரும்பி வந்து, தான் மறுபக்கம் நின்றதாகச் சொல்ல அவனால் இயலாது. ஏடு அவனைக் காட்டிக் கொடுக்கும்.

இங்கே நடப்பதோ நேர்மாறு. இங்கே அரசு முடங்குவதில்லை. அவை மட்டுமே முடங்குகின்றது. கேள்வி முடங்கும், உரை முடங்கும், எண்ணி எடுக்கும் வாக்கு முடங்கும், ஆள்வோர்க்கு வேண்டிய பணமும் சட்டமும் மட்டும் தங்குதடையின்றி நடக்கும். இத்தகைய முடக்கத்தால் இழப்பு யாருக்கு, ஊதியம் யாருக்கு என்பதை 2018 மார்ச்சும் ஏப்பிரலும் நமக்கு நன்கு காட்டின.

இருபத்து மூன்று நாள்கள்

2018 பிப்ரவரி 16-இல் உச்ச நயன்மை மன்றம் காவிரி வழக்கில் தீர்ப்புரைத்தது. 2007-இல் நடுவர் மன்றம் தமிழகத்திற்கென வகுத்த 192 டி.எம்.சி. நீர் 177.25 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடிக் கனவடி. அவ்வாறு 14.75 பங்கு நம் கையினின்று பறிபோயிற்று. எஞ்சியதையேனும் முறையாகப் பெறுவதற்கு ஒரு செயற்பாட்டு அமைப்பை ஆறு கிழமைக்குள் நிறுவுமாறு நடுவணரசுக்கு மன்றம் ஆணையிட்டது. மார்ச்சு 29-இல் அக்காலம் முடிந்தது. நடுவணரசு அமைப்பை நிறுவவில்லை. மாறாக, மார்ச்சு 31-இல் தீர்ப்புக்கு விளக்கம் கேட்டு மன்றத்தின் படியேறிற்று. ஆறு கிழமை உறங்கியவர்க்கு, காலக்கெடு முடிந்த பின்னரே ஐயம் பிறந்தது! மே 12-இல் கருநாடகத்தில் சட்டமன்றத் தேர்தல் இருந்தது என்பதை நினைவிற் கொண்டால் அந்த ஐயத்தின் ஊற்றுக்கண் எதுவென விளங்கும்.

இந்நிலையில் தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினருள் 37 பேர் அ.தி.மு.க.வினர். மக்களவையிலேயே மூன்றாம் பெருங்கட்சி. சிதம்பரம் தொகுதியில் வென்ற சந்திரகாசியும் கடலூர்த் தொகுதியில் வென்ற அருண்மொழித்தேவனும் அக்கட்சியினரே. மார்ச்சு 5 முதல் ஏப்பிரல் 6 வரை அக்கட்சியினர் நாள்தோறும் பதாகை ஏந்தி அவையின் நடுவே சென்று முழங்கினர். அவை நாள்தோறும் தள்ளி வைக்கப்பட்டது. நாளிதழ்களில் படம் வந்தது. ஊரில் சுவரொட்டி ஒட்டப்பட்டது. ‘காவிரிக்காக நாடாளுமன்றத்தையே முடக்கினோம்’ என்று மார்தட்டினர்.

முடங்கியது எது? முடங்காதது எது? கணக்குப் பார்ப்போம்.

மார்ச்சு 14-ஆம் நாள், அதே கூச்சலுக்கு நடுவே, நாட்டின் ஆண்டுச் செலவுத் திட்டமும் நிதிச் சட்டவரைவும் உரையாட்டேதுமின்றி, அரைமணி நேரமளவில், குரல்வாக்கால் நிறைவேறின. அவ்வரைவினுள்ளே, அரசியற் கட்சிகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் பெற்ற நன்கொடையை 1976 வரை பின்னோக்கிக் குற்றமற்றதாக்கும் திருத்தமும் ஒளிந்திருந்தது. எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய்ப்பில்லை. எண்ணி எடுத்த வாக்குமில்லை. முழக்கத்தால் ஆள்வோர்க்கு ஒரு தாளும் தடைப்படவில்லை. மாறாக, வினாவுக்கு விடையிறுக்கும் தொல்லையிலிருந்து அவர்கள் விடுபட்டனர்.

இரண்டாவது செய்தி இதனினும் கொடிது. மார்ச்சு 16-இல் தெலுங்கு தேசம் கட்சி பா.ச.க. கூட்டணியை விட்டு வெளியேறியது. அக்கட்சியும் ஒய்.எசு.ஆர். காங்கிரசும் நடுவணரசின்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தன. 50 உறுப்பினர் எழுந்து நின்று ஆதரித்தாலே அத்தீர்மானம் அவையேற முடியும். அவை ஒழுங்கில் இல்லாததால் எழுந்து நிற்போரை எண்ணவியலவில்லை என்று அவைத்தலைவர் சுமித்ரா மகாசன் நாள்தோறும் அவையைத் தள்ளி வைத்தார். அவையின் நடுவே நின்றவர் யாவர்? அ.தி.மு.க.வினரும் தெலங்கானாவின் ஆளுங்கட்சியினருமே! காவிரியை மறுத்த அரசைக் காவிரி முழக்கமே காத்து நின்றது. இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டா?

அவை நடவாமையால் 23 நாள் ஊதியத்தைத் தாம் பெறப்போவதில்லை என ஆளுங்கூட்டணியினர் அறிவித்தனர். அதுவும் ஒரு கூத்து. உழவன் இழந்தது 23 நாள் ஊதியமன்று. 2012-க்குப் பின் பல ஆண்டு சூன் 12-இல் மேட்டூர் திறக்காமல் இழந்த குறுவைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

சொல்லில் வீரம்

அவையிற் பேசிய சொற்களையும் மறந்துவிடலாகாது. மேலாண்மை வாரியம் அமையவில்லையெனில் தாங்கள் தம் உயிரையே மாய்த்துக்கொள்வோம் என்று மாநிலங்களவையில் நவநீதகிருட்டிணன் பேசினார். ஏப்பிரல் 2-இல் முத்துக்கருப்பன் தம் மாநிலங்களவைப் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஏப்பிரல் 3-இல் முதலமைச்சரும் துணைமுதலமைச்சரும் சேப்பாக்கத்தில் உண்ணாநோன்பிருந்தனர்.

உயிரை மாய்க்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. எவர் உயிரும் நமக்கு வேண்டா. உயிரைத் தருவோம் என்றவர் ஒரு வாக்கைத் தந்தாரா என்பதே நம் கேள்வி. பதவியை விட்டதாக அறிவித்தவர் 2020 ஏப்பிரலில் தம் காலம் முடியும் மட்டும் அதே இருக்கையில் அமர்ந்திருந்தாரே, அது எந்த வகை விலகல்?

சூலை 20

சூலை 20-ஆம் நாள் அவை முடங்கவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் முறையாக அவையேறி, எண்ணி எடுக்கும் வாக்குக்கு விடப்பட்டது. தீர்மானத்தின் பக்கம் 126, எதிர்ப்பக்கம் 325. அந்த 126-இல் அ.தி.மு.க. இல்லை.

இதற்கு அவர்கள் கூறிய அமைதி யாது? நம் உறுப்பினர் காவிரிக்காக 22 நாள் அவையை முடக்கியபோது எந்த மாநிலம் துணைநின்றது. ஆந்திரச் சிக்கலுக்காக வந்த தீர்மானத்தை நாம் ஏன் ஆதரிக்க வேண்டும் என்று முதலமைச்சர் பழனிச்சாமி கேட்டார்.

கேள்வி நன்று. விடை கூறுவோம். தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஆந்திரர். ஆனால் அது நம்பிக்கை இல்லை என்று சொன்னது எந்த அரசின்மேல்? ஆறு கிழமைக் கெடுவை மீறிய அரசின்மேல். தமிழகச் சட்டமன்றம் 2017 பிப்ரவரி 1-இல் ஒருமனமாக நிறைவேற்றிய நீட் விலக்குச் சட்டவரைவுகள் இரண்டையும் இசைவின்றிக் கிடப்பிற் போட்ட அரசின்மேல். அந்த நீட்டை எதிர்த்து உச்ச மன்றம் வரை சென்று, 2017 செப்டம்பர் 1-இல் உயிர்நீத்த மாணவியின் ஊராகிய குழுமூர் எங்கிருக்கின்றது? இதே சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றது! அன்று வாக்குக் கருவியின்மேல் கை வைத்தவர்க்குக் குழுமூர் நினைவுக்கு வரவில்லையா? ஆந்திரன் கேட்டதால் தமிழன் தன் நயனைக் கேட்கக்கூடாதா?

இன்னொரு மறுப்பும் வரும். 37 பேரும் மாறி வாக்களித்திருந்தாலும் அரசு கவிழ்ந்திராதே என்பர். உண்மை, கவிழ்ந்திராது. அதை நாம் மறைக்கவில்லை. ஆயின் கவிழாது என்று தெரிந்தும் எதிர்த்து வாக்களிக்க அஞ்சியவர், கவிழும் என்று தெரிந்தால் துணிவரோ? வெல்லாத வாக்கும் வீணான வாக்கன்று, அது சான்று. தமிழகத்தின் 37 பேரும் இவ்வரசை நம்பவில்லை என்று ஏட்டில் ஏறியிருந்தால், அது என்றும் அழியாச் சான்றாக நின்றிருக்கும். அச்சான்றைத் தர மறுத்தனர் என்பதே குற்றம்.

எங்கள் போராட்டத்தால்தானே சூன் 1-இல் ஆணையம் அரசிதழில் வந்தது என்றும் சிலர் கூறுவர். காலவரிசையைப் பாருங்கள். மே 12-இல் கருநாடகத் தேர்தல். மே 14-இல் வரைவுத் திட்டம் மன்றத்தில் வைக்கப்பட்டது. மே 18-இல் மன்றம் அதை ஏற்றது. தில்லிக்குத் தடையாயிருந்தது தேர்தல்; அது முடிந்ததும், மன்றத்தின் கண்டிப்புக்குப் பணிந்து வழிவிட்டது. வீதியில் நின்று போராடிய உழவர்க்கும் இளைஞர்க்கும் அதில் பங்குண்டு. முக்கொம்பிலிருந்து நடந்து ஏப்பிரல் 12-இல் கடலூரில் முடிந்த எதிர்க்கட்சிகளின் உரிமை மீட்புப் பயணத்திற்கும் பங்குண்டு. அவையின் நடுவே நின்று அரசைக் காத்தவர்க்கு என்ன பங்கு?

எண்ணிக்கை வென்றிருக்கக்கூடிய நாள்

எண்ணிக்கை போதாது என்ற சாக்கும் 2019 திசம்பர் 11-இல் உடைந்தது. அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்தச் சட்டவரைவு வாக்குக்கு வந்தது. பாக்கித்தான், வங்கதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டவர்க்குக் கதவு திறந்த அச்சட்டம் இசுலாமியரை விலக்கியது, ஈழத்தமிழரையும் விலக்கியது. முப்பது நாற்பது ஆண்டுகளாக நம் மண்ணின் முகாம்களில், இம்மாவட்டத்து முகாம்களிலும், அடைபட்டுக் கிடக்கும் நம் குருதியுறவுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்த 125-இல் அ.தி.மு.க.வின் 11 வாக்குகள் இருந்தன. பா.ம.க.வின் ஒரு வாக்கும் இருந்தது. அந்த 11 மட்டும் மறுபக்கம் சென்றிருந்தால் ஆதரவு 114, எதிர்ப்பு 116. சட்டவரைவு அன்றே வீழ்ந்திருக்கும்! 37 பேர் இருந்தும் ஒன்றும் செய்யவியலாது என்றவர்களின் கையில், 11 பேரே போதும் என்ற நாள் வந்தது. வந்த நாளில் அவர்கள் தில்லியின் பக்கமே நின்றனர். பின்னர் 2021 தேர்தலில், அதே சட்டத்தைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்று அறிக்கையில் எழுதி அதே மக்களிடம் வாக்குக் கேட்டனர்! தில்லிக்கு வாக்கு, தில்லைக்கு அறிக்கை. இதற்குப் பெயர் அரசியலன்று, இரண்டகம்.

ஒரு கட்சியின் நோயன்று

இதனைப் படித்து மற்றொரு கட்சியினர் மகிழ வேண்டா. 1971-இல் உச்ச மன்றத்தில் தொடுத்த காவிரி வழக்கை 1972-இல் திரும்பப் பெற்றது தி.மு.க. அரசே. 2008 அக்குதோபர் 14-இல் சென்னையிற் கூடிய அனைத்துக்கட்சிக் கூட்டம், இரு கிழமைக்குள் ஈழத்தில் போர் நிற்காவிடின் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் பதவி விலகுவர் என்று முடிவெடுத்தது. தி.மு.க. உறுப்பினரின் விலகல் மடல்கள் கட்சித் தலைவர் கைக்குச் சென்றன; அவைத்தலைவர் கைக்குச் செல்லவில்லை. அக்குதோபர் 26-இல் பிரணாப் முகர்சி சென்னைக்கு வந்து பேசியதும் மடல்கள் மடிந்தன. 2009 மே திங்களில் முள்ளிவாய்க்கால் முடிந்தது. நடுவணமைச்சரவையை விட்டு அக்கட்சி வெளியேறியது 2013 மார்ச்சில்!

அதற்கும் முன்னே செல்வோம். 1965 சனவரி 27-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் காவலர் குண்டுக்கு இரையானான். சிதம்பரத்து மண் அவன் குருதியைக் குடித்தது. பிப்ரவரி 11-இல் நடுவணமைச்சர்களாகிய சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் மடல் கொடுத்தனர். சில நாளிற் திரும்பப் பெற்றுக்கொண்டனர். மாணவன் கொடுத்த உயிர் திரும்பவில்லை. அமைச்சர் கொடுத்த மடல் மட்டும் திரும்பிற்று! அன்று தொடங்கிய இந்தத் திரும்பும் மடல்களின் வரலாறு இன்னும் முடியவில்லை.

நோயின் வேர்

கட்சி மாறினும் நோய் மாறாதிருப்பது ஏன்? வேர்கள் மூன்று.

முதல் வேர் எண்ணிக்கை. மக்களவையின் 543 இடங்களில் தமிழகத்திற்கு 39. ஓரினத்தின் ஆற்றையும் மொழியையும் கல்வியையும், அதனினும் பன்மடங்கு எண்ணிக்கையுடைய பிற இனத்தார் வாக்கால் முடிவு செய்யும் அமைப்பு இது. இத்தகைய அமைப்பில் நம் உரிமை இரவற்பொருளாகவே இருக்கும்.

இரண்டாம் வேர் கொறடாவின் கயிறு. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டத்தின்படி, கட்சியின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினன் பதவியிழக்க நேரும். ஆகவே தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்தவன் தொகுதிக்காக வாக்களிப்பதில்லை. தலைமை சொன்ன இடத்தில் விரல் வைக்கின்றான். அந்தத் தலைமையோ 2017-இல் தன் உறுப்பினர் 18 பேரைத் தகுதிநீக்கிச் சட்டமன்றத்தில் எண்ணிக்கையைக் காத்துக்கொண்ட தலைமை. நாற்காலி ஆடும்போதெல்லாம் தில்லியைப் பார்ப்பவன், காவிரிக்காகத் தில்லியை எதிர்ப்பானா?

மூன்றாம் வேர் நம்மிடமே உள்ளது. நாம் முழக்கத்தைக் கேட்கின்றோம், வாக்கைக் கேட்பதில்லை. சுவரொட்டியைப் படிக்கின்றோம்; அவையேட்டைப் படிப்பதில்லை. எண்ணி எடுக்கும் வாக்கைக் கேட்க ஒவ்வோர் உறுப்பினனுக்கும் உரிமையுண்டு. அதைக் கேளாமற் குரல்வாக்கில் ஒளிந்துகொள்பவனை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் 37 ஒன்றாகச் சுருங்கியது. அது நல்ல தண்டனையே. ஆயினும், ஏன் தண்டித்தோம் என்ற கணக்கை எழுதி வைக்காவிட்டால் அடுத்து வருபவனும் அதே கூத்தை ஆடுவான்.

செய்ய வேண்டுவது

தமிழர்களே! தில்லைக் கூத்தன் ஒரு காலைத் தூக்கி ஆடினாலும் மறுகாலை ஊன்றி நிற்கின்றான். தில்லிக்குச் சென்ற நம் கூத்தர்க்கோ ஊன்றிய கால் எதுவென்றே தெரியவில்லை.

கருநாடகம் மேக்கேதாட்டுவில் 67 டி.எம்.சி. கொள்ளும் அணைக்கு முனைந்து நிற்கின்றது. அதைப் பற்றி அவையில் நாளை முழக்கம் எழும், பதாகை எழும். அப்போது மயங்காதீர்கள். ஊர்தோறும் ஓர் ஏட்டைத் திறவுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்த நாளில் என்ன பேசினார் என்பதை இடப்பக்கத்திலும், எப்படி வாக்களித்தார் என்பதை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். வாக்களிக்காத நாளையும் எழுதுங்கள். வெளிநடந்த நாளையும் எழுதுங்கள். அவர் ஊர்ப்பக்கம் வரும்போது அவ்வேட்டை அவர்முன் விரித்து வைத்து விடை கேளுங்கள். எக்கட்சியானாலும் கேளுங்கள். உங்கள் சாதியானாலும் கேளுங்கள்.

இதனால் உரிமை முழுமையும் வந்துவிடாது. தமிழகத்தின் நீரையும் கல்வியையும் தமிழகமே முடிவு செய்யும் தன்னுரிமை வரும்வரை சிக்கல் தீராது. அதற்கான பணியை நாம் விடப்போவதுமில்லை. ஆனால் தன்னுரிமைக்குப் போராடும் இனத்திற்கு முதலில் வேண்டுவது, தன் பெயரால் விழும் வாக்கு எங்கே விழுகின்றது என்னும் தெளிவு. அத்தெளிவு இல்லாதவனுக்கு எந்த உரிமையும் நிலைக்காது.

கொள்ளிடத்தில் நீர் வருமா வராதா என்று கரையில் நின்று பார்க்கும் கடைமடை உழவன், இனி அவையேட்டையும் பார்க்கட்டும். தில்லைக்கும் தில்லிக்கும் ஒரே முகம் காட்டுபவனே நம் ஆள். மற்றவன் எந்தக் கொடியைப் பிடித்து வந்தாலும் அயலானே!